பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கணினிகளில் சிஸ்டம் அட்மினுக்கு என்னதான் வேலை?

பல பேர் பகிர்ந்துகொள்ளும் பெரிய கணினிகளை ஓடவைத்து, அவரவர் பங்கு அவரவருக்குக் கிடைக்கச் செய்பவர்தான் சிஸ்டம் அட்மின்.

இதற்குத் தனி ஆள் எதற்கு? திருச்சி என்ஐடியில் 2022-இல் தொடங்கிய பரம் பொருள் என்ற சூப்பர் கணினி 838 டெராஃப்ளாப்ஸ் திறன் கொண்டது. அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். அவ்வளவு இருந்தும் எல்லோரும் ஒரே நேரத்தில் கை வைத்தால் ஒருவர் வேலையும் உருப்படியாக முடியாது.

நம் டெல்டாவில் தண்ணீர் குறைந்த ஆண்டில் என்ன செய்கிறோம்? முறை வைத்து விடுகிறோம். தலைமடைக்காரர் மடையைத் திறந்தே வைத்திருந்தால் கடைமடையில் நாற்று கருகிவிடும். கணினியில் அந்த முறையை வைப்பது ஸ்லர்ம் போன்ற மென்பொருள். ஆய்வு மாணவர் "40 கோர், 2 நாள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருப்பார்; கோர் என்பது செயலிக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஒரு பகுதி. சமீபத்தில் நிறைய எடுத்தவர் கொஞ்சம் பின்னால் போவார். அந்த விதியை அமைப்பது அட்மின். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்; நியாயம் எது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

சரி, எப்படி நுழைவது? லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். உலகின் மிக வேகமான 500 சூப்பர் கணினிகளை வரிசைப்படுத்தும் டாப்500 பட்டியலில், 2017 நவம்பரிலிருந்து எல்லாமே அதில்தான் ஓடுகின்றன. மன்னார்குடியில் வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய லேப்டாப் இருந்தாலே தொடங்கிவிடலாம். அப்புறம் கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் ஷெல், நிரல் எழுதும் மொழியான பைத்தான்.

பிரிண்டர் மக்கர் செய்தால் கூப்பிடும் ஆள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், மூன்றாம் நாள் பாதியில் நின்றுபோன கணக்கு ஏன் நின்றது என்று ஆய்வாளரோடு சேர்ந்து தேடுபவர் இவர்.