பழைய சறுக்கு மரத்தைக் கழற்றுவதற்குள் படம் எடுத்து வையுங்கள்

கேள்வி: பினாங்கில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். 28 மாதத்துக்கு முன்பு, என் மகளுக்கு 6 வயது இருக்கும்போது, தாமான் பூங்காவில் சறுக்கு மரத்தின் மேல்தட்டிலிருந்து விழுந்து முழங்கை முறிந்துவிட்டது. கம்பி வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள், இன்னும் கை முழுதாக நீளவில்லை. மேல்தட்டில் ஒரு தடுப்புக் கம்பி இல்லை, கீழே ரப்பர் விரிப்பு பிய்ந்து சிமெண்டு தெரிந்தது. ஊராட்சி மன்றத்தில் போய்ச் சொன்னபோது, "அது ஏற்கெனவே மாற்றுற லிஸ்ட்ல இருந்ததுதான், புதுசு வரப்போகுது" என்றார் ஓர் அதிகாரி. இப்போது புதிய விளையாட்டுச் சாதனங்கள் பொருத்தப் போவதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். விழுந்த நேரம் நான் பெஞ்சில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தேன். "சொந்தப் பொறுப்பில் விளையாடவும்" என்ற பலகையும் அங்கே உண்டு. வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம் சகோதரி, ஆனால் உங்களுக்கு நேரம் குறைவு. ஊராட்சி மன்றம் மாதிரி பொது அமைப்பின் மேல் வழக்குத் தொடுக்க 1948ஆம் ஆண்டின் பொது அதிகார அமைப்புகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதம்தான் தருகிறது. சாதாரண விபத்து வழக்குக்கு 6 ஆண்டு உண்டு என்பது உங்களுக்கு உதவாது. பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை காலம் ஓடாது என்று யாராவது சொன்னால் அதை நம்பி உட்காராதீர்கள், அந்தச் சலுகை 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில் இருப்பது, மன்றத்தின் வக்கீல் முதல் வேலையாக அது இங்கே செல்லாது என்றுதான் வாதாடுவார். உங்கள் கணக்கில் மீதி 8 மாதம். அதற்குள் நீதிமன்றத்தில் வழக்கு பதிவாகியிருக்க வேண்டும், வெறும் புகார்க் கடிதம் போதாது.

அதைவிட அவசரம் அந்தச் சறுக்கு மரம். புதியதைப் பொருத்த வரும் குத்தகைக்காரர் அதை லாரியில் ஏற்றிப் போய்விட்டால் அப்புறம் உங்கள் பேச்சும் அவர்கள் பேச்சும் மட்டும்தான் மிஞ்சும். இந்த வாரமே போங்கள். கம்பி இருக்க வேண்டிய இடத்தில் போல்ட்டு ஓட்டை மட்டும் இருக்கும், துருப்பிடித்து விளிம்பு கறுத்திருக்கும், அதை அளவு டேப்பை வைத்துப் பக்கத்திலிருந்து படம் எடுங்கள். மேல்தட்டிலிருந்து தரைக்கு எத்தனை சென்டிமீட்டர், ரப்பர் எங்கே முடிந்து சிமெண்டு எங்கே தொடங்குகிறது, இதெல்லாம் வேண்டும். முடிந்தால் ஒரு பொறியாளரைக் கூட்டிப் போங்கள். விளையாட்டுச் சாதனங்களுக்கு நம் நாட்டில் எம்.எஸ். 966 என்ற தரநிலை இருக்கிறது, ஐரோப்பாவின் இ.என். 1176-ஐயும் விழும் தரைக்கான இ.என். 1177-ஐயும் பலர் பின்பற்றுகிறார்கள். இ.என். 1176-இல் விழக்கூடிய உயரத்துக்கு உச்சவரம்பே 3 மீட்டர்தான், அதுவும் கீழே அடியைத் தாங்கும் தரை இருந்தால்தான். சிமெண்டுக்கு அங்கே இடமே இல்லை. அதே வாரத்தில் ஒரு வக்கீல் மூலம், பழைய சாதனத்தையும் ஆய்வுப் பதிவேடுகளையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி மன்றத்துக்குக் கடிதம் போகட்டும்.

இப்போது அந்த அதிகாரி சொன்ன வார்த்தைக்கு வருகிறேன், உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான். இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தை 1956 ஏப்ரல் 7ஆம் தேதி இருந்த நிலையில் நம் சிவில் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதன்படி பூங்காவை நிர்வகிப்பவருக்கு ஆபத்து இருப்பது தெரியுமா, தெரிந்தும் பேசாமல் இருந்தாரா என்பதுதான் முக்கியக் கேள்வி. "மாற்றுற லிஸ்ட்ல இருந்துச்சு" என்றால் யாரோ ஒருவர் வந்து பார்த்து, கெட்டுப்போயிருக்கிறது என்று எழுதி, புதியது வாங்க ஒப்புதல் கேட்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்த எழுத்து விபத்துக்கு முந்திய தேதியில் இருந்தால், புதியது வாங்கிய கோப்புதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. ஆய்வறிக்கை, பட்ஜெட் கோரிக்கை, டெண்டர் அறிவிப்பு, கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் கேளுங்கள். பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் 2015 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது, அதன்கீழ் விண்ணப்பம் போடுங்கள். மறுத்தால் வழக்குக்கு முன்பே ஆவணங்களைக் காட்டச் சொல்லி நீதிமன்றத்திடம் கேட்க 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் வழி உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விபத்துக்குப் பிறகு புதியது வாங்கினார்கள் என்பதை மட்டும் வைத்துத் தவறை ஒப்புக்கொண்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது. தேதிதான் பேசும்.

"பணம் இல்லை, வரிசைப்படிதான் பூங்காக்களை மாற்ற முடியும்" என்று மன்றம் சொல்லும், அதில் நியாயமும் இருக்கிறது, ஒரே வருடத்தில் எல்லாப் பூங்காவையும் புதுப்பிக்க எந்த மன்றத்தாலும் முடியாது. ஆனால் கம்பி இல்லாத சறுக்கு மரத்தின் ஏணியைக் கழற்றி வைக்கவோ, நான்கு பக்கமும் கயிறு கட்டி மூடவோ எவ்வளவு செலவாகிவிடும்? புதியது வரும்வரை பிள்ளைகள் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமையை டெண்டர் தள்ளிப்போடாது.

போன் பேசியது உங்கள் மனதை அரிக்கிறது என்று தெரிகிறது. மன்றத்தின் வக்கீல் அதை எடுக்கத்தான் செய்வார், 1955இல் இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் நகர மன்றத்துக்கு எதிரான வழக்கில், சின்னப் பிள்ளைகளோடு பொறுப்புள்ள பெரியவர் இருப்பார் என்று நில உரிமையாளர் எதிர்பார்க்கலாம் என்று தீர்ப்பு வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை விழுந்தது திறந்த வெளியில் தோண்டியிருந்த பள்ளத்தில். உங்கள் மகள் ஏறியது பிள்ளைகள் ஏறுவதற்கென்றே மன்றம் நிறுத்திய சாதனம். 1922இல் கிளாஸ்கோ பூங்காவில் விஷப் பழத்தைத் தின்று இறந்த 7 வயதுப் பையன் வழக்கில், பிள்ளைகளை ஈர்க்கும் ஆபத்தை எச்சரிக்கையோ வேலியோ இல்லாமல் விட்ட மன்றத்தின் மேல் வழக்கு நிற்கும் என்று அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. நீங்கள் பெஞ்சில், கண் எட்டும் தூரத்தில்தான் இருந்தீர்கள். அப்படியே உங்கள் கவனக்குறைவு என்று வைத்தாலும் அதைப் பிள்ளையின் தலையில் கட்டி அவள் இழப்பீட்டைக் குறைக்க முடியாது. அதிகபட்சம் உங்களையும் வழக்கில் இழுக்கப் பார்ப்பார்கள். அதற்குத் தயாராக இருங்கள், உண்மையை அப்படியே சொல்லுங்கள், போன் பேசவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பலகையைப் பற்றிக் கவலை வேண்டாம். 6 வயதுப் பிள்ளையின் உரிமையை ஒரு வாசகம் பறித்துவிடாது.

வழக்கு மகள் பெயரில், பெற்றோர் ஒருவர் அவளுக்காக நின்று தொடுப்பது. 1 மில்லியன் ரிங்கிட் வரை செஷன்ஸ் நீதிமன்றம், 1 லட்சம் வரை மஜிஸ்திரேட் நீதிமன்றம். முழங்கை நேராகாதது நிரந்தரமா, மறுபடி அறுவை சிகிச்சை வேண்டுமா என்று எலும்பு மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள், தொகை அதில்தான் நிற்கும். பூங்காவின் பராமரிப்பு ஒரு தனியார் நிறுவனத்திடம் இருந்தால் அந்த நிறுவனத்தையும் எதிர்த்தரப்பில் சேர்க்க வேண்டும்.

மன்றமோ காப்புறுதி நிறுவனமோ சில ஆயிரம் தந்து "முழுத் தீர்வு" என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். மைனர் பிள்ளைக்கான சமரசம் நீதிமன்ற ஒப்புதல் இல்லாமல் அவளைக் கட்டுப்படுத்தாது. அப்புறம், ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசும் ஏஜெண்டுகள் தேடி வருவார்கள், அப்படிப் பங்கு பேசுவதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள், அறுவை சிகிச்சைச் சீட்டு, எக்ஸ்ரே, அந்தப் போல்ட்டு ஓட்டையின் படம், அதிகாரி பேசிய தேதி, நான்கும் கையில் இருக்கட்டும்.