டென்னிஸ் வீரர்களில் உங்கள் கணிப்பில் மிகச் சிறந்தவர் யார்? எந்த ஆட்டத்தை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?

பட்டங்களின் எண்ணிக்கையை வைத்துக் கேட்டால் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் முடிந்துவிடும். ஆண்கள் ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் (ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்ற நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்களில் நோவக் ஜோகோவிச்சிடம் 24, ராபேல் நடாலிடம் 22, ரோஜர் பெடரரிடம் 20. ஆனால் "உங்கள் கணிப்பில்" என்று கேட்டிருப்பதால், நான் எதை வைத்து அளக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தன் ஆட்டம் எந்தத் தரையில் உருவானதோ அந்தத் தரையை விட்டு வேற்று மண்ணுக்குப் போய், அங்கே கோலோச்சுகிறவரை அவர் வாசலிலேயே வெல்வதற்காக ஒருவர் தன்னை எவ்வளவு மாற்றிக்கொண்டார் என்று பார்ப்பேன். அந்தக் கணக்கில் எனக்கு நடால்தான் முதலில் வருகிறார். ஆட்டம், 2008-ஆம் ஆண்டு விம்பிள்டன் இறுதிப்போட்டி. இத்தனைக்கும் அன்று இரவு நான் பெடரர் கட்சி.

இந்த அளவுகோல் எனக்கு ஏற்காட்டில் கிடைத்தது. நான் சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மண் களத்தில் பல ஆண்டுகளாகக் காலை வேளையில் ஆடி வருபவன். முந்தின நாள் மாலையில் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டியிருந்தால் பந்து ஒழுங்காக எழும்பும் என்பதும், சித்திரை வெயிலில் பொரிந்துபோன பின் மூலைக்கு ஒரு விதமாகத் துள்ளும் என்பதும் எனக்கு மனப்பாடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் கூப்பிட்டார் என்று இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய், அவருடைய பங்களாவுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் களத்தில் இறங்கினேன். முதல் நான்கு சர்வும் கோட்டுக்கு வெளியே போயின. ஐந்தாவதை அடக்கி அடித்தேன், அதுவும் வெளியே. தரை சரியில்லை என்று வாய்வரை வந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை ஆகிவிடுமே என்று விழுங்கிக்கொண்டேன். பந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த வயதான மார்க்கர்தான் அருகில் வந்து, "சார், கீழே அடிக்கிற மாதிரி அடிச்சா பந்து சில்வர் ஓக் மரத்துக்குத்தான் போகுமுங்க. தேய்ச்சு விடுங்க" என்றார்.

அவர் சொன்னதில் அறிவியல் இருக்கிறது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 அடி உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு ஏறக்குறைய 4,900 அடி. மேலே காற்று மெலிவதால் பறக்கும் பந்துக்குத் தடை குறைகிறது, வெளியழுத்தம் குறைவதால் பந்து கூடுதலாகத் துள்ளவும் செய்கிறது. 4,000 அடிக்கு மேல் ஆடுவதற்கென்றே தனி வகைப் பந்துகளைச் சர்வதேச விதிகள் வகுத்திருக்கின்றன. நாங்கள் கீழேயிருந்து கொண்டுபோன சாதாரண டப்பாவைத்தான் உடைத்திருந்தோம். மட்டையைக் கீழிருந்து மேலாக இழுத்துப் பந்தைத் தேய்த்துச் சுழலவிட்டால்தான் அது கோட்டுக்குள் இறங்கும் என்பது கைக்குப் பிடிபடுவதற்குள் 6-1, 6-2 என்று தோற்றிருந்தேன். அதைவிட வேடிக்கை, திங்கட்கிழமை காலை சேலத்துக் களத்தில் அதே கையோடு ஆடப்போய் பந்தை வலையிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். அரை மணி நேர மலைப்பாதைக்கே இந்தப் பாடு.

பாரிஸ் களிமண்ணுக்கும் லண்டன் புல்லுக்கும் உள்ள தூரம் இதைப்போலப் பல மடங்கு. பிரெஞ்சு ஓபனின் சிவப்புத் தரை என்பது, பல அடுக்குகளுக்கு மேல் மெல்லிய படலமாகத் தூவிய செங்கல் பொடி. பந்து அதில் விழுந்ததும் பிடிபட்டு, வேகம் இழந்து, உயரமாக எழும். வீரர் சறுக்கிக்கொண்டே போய் அடிக்கலாம். புல்லில் அதே பந்து தாழ்வாக வழுக்கிக்கொண்டு ஓடும், காலும் சேர்ந்து வழுக்கும். 14 கிராண்ட் ஸ்லாம் வென்ற பீட் சாம்ப்ராஸ் பிரெஞ்சு ஓபனில் 1996-இல் அரையிறுதி வரை போனதோடு சரி. 1978 முதல் 1980 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் இரண்டையும் சேர்த்து வென்ற பியோன் போர்க்குக்குப் பிறகு, ஒரே ஆண்டில் இரண்டையும் வெல்ல ஆண்களில் 28 ஆண்டுகள் எவராலும் முடியவில்லை. அதை முடித்தவர் நடால்.

அவர் அதை ஒரே தாவலில் செய்யவில்லை என்பதே எனக்கு முக்கியம். 2006 விம்பிள்டன் இறுதியில் முதல் செட்டை 6-0 என்று பறிகொடுத்து, நான்கு செட்டில் பெடரரிடம் தோற்றார். 2007-இல் ஐந்தாவது செட் வரை இழுத்துத் தோற்றார். ஒவ்வோர் ஆண்டும் கோட்டுக்கு இன்னும் நெருங்கி நின்றார், பேக்ஹேண்டைத் தட்டையாக்கினார், சர்வைக் கூர்மையாக்கினார். இதற்கிடையே 2008 ஜனவரி 6 அன்று, சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓபன் இறுதியில் அவரை நேரில் பார்த்தேன். அதற்காகவே ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உட்கார்ந்து போனேன். முந்தின நாள் அரையிறுதியில் கார்லோஸ் மோயாவை மூன்று செட்டும் டை பிரேக்காக (சமநிலையில் நின்ற செட்டை முடித்துவைக்கும் தனிக் கேம்), ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆடி வென்றிருந்தவர், இறுதியில் மிகைல் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். பந்து தாண்டிப் போன பிறகும் அதைப் பார்த்தபடி நின்ற அந்தக் கால்களைப் பார்த்து, இவர் உடம்பு எத்தனை ஆண்டு தாங்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெரிய நிபுணன் போலச் சொல்லிவிட்டு வந்தேன். சரியாக ஆறு மாதம் கழித்து, ஜூலை 6 அன்று, என் பேச்சு பொய்யானது.

அன்று லண்டனில் மழையால் ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது. நம் நேரப்படி இரவு ஏழு மணி தாண்டியிருந்தது. பெடரர் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்றவர், புல்தரையில் தொடர்ச்சியாக 65 ஆட்டங்கள் தோற்காதவர். நடால் முதல் இரண்டு செட்டையும் 6-4, 6-4 என்று எடுத்தபோது வீட்டில் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது செட்டின் நடுவே மழை. பிறகு அதை டை பிரேக்கில் பெடரர் எடுத்தார். நான்காவது செட்டும் டை பிரேக்குக்குப் போன சமயத்தில், ஏறக்குறைய நள்ளிரவில், எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று. பெங்களூரில் இருந்த சித்தப்பா மகனுக்குக் கைப்பேசியில் அடித்து, அவன் ஒவ்வொரு புள்ளியாகச் சொல்ல, மொட்டைமாடி இருட்டில் நின்று கேட்டேன். 5-2 என்று முன்னிலையில் இருந்த நடால் இரண்டு சர்வையும் தவறவிட்டு இரட்டைத் தவறு செய்தார் என்றான். 7-7 என்ற நிலையில் நடால் ஓடிக்கொண்டே அடித்த ஃபோர்ஹேண்ட் கோட்டை ஒட்டிப் போனது என்றான். அடுத்தது நடாலுக்குப் பட்டத்துக்கான புள்ளி. சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அண்ணா, பேக்ஹேண்ட்! பேக்ஹேண்ட்டுலயே தப்பிச்சிட்டாரு!" என்று அவன் கத்தியதில் கீழ்வீட்டு நாய் குரைத்தது. நான் என் ஆயுளில் கண்ட மிகச் சிறந்த இரண்டு அடிகளை முதலில் காதால்தான் கண்டேன்.

ஐந்தாவது செட் 2-2 என்று இருந்தபோது மீண்டும் மழை வந்தது. அந்த இடைவேளையில் மின்சாரமும் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை முழுவதும் பார்த்தேன். 7-7 என்ற நிலையில் பெடரர் சர்வ் போட்ட கேமை நடால் பறித்தார், 9-7 என்று முடித்தார். ஆட்ட நேரம் மட்டும் 4 மணி 48 நிமிடங்கள். கையில் வந்த பட்டத்தை நான்காவது செட்டில் கோட்டை விட்டவர், அதே மனிதருக்கு எதிராக, அதே புல்லில், இருட்டிக்கொண்டு வரும்போது ஐந்தாவது செட்டை ஆடி முடித்தார் என்பது என்னைப் பெடரர் கட்சியிலிருந்து வெளியே இழுத்துப் போட்டது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 2001-இல் விம்பிள்டன் நிர்வாகம் முழுவதும் ரை புல்லுக்கு மாறியது. அதனால் தரை கெட்டியாகி, பந்து முன்பைவிட நன்றாக எழும்பத் தொடங்கியது, அந்த மாற்றமே நடாலுக்குக் கதவைத் திறந்தது என்பார்கள். அது உண்மையும்கூட. ஆனால் அதே புல்லில்தான் பெடரர் ஐந்து பட்டங்களை அடுக்கினார். கதவு திறந்திருந்தது எல்லோருக்கும்தான். களிமண்ணிலிருந்து வந்த மற்றவர்களில் பலர் முதல் வாரத்திலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

அப்படியானால் ஜோகோவிச்? நான்கு போட்டிகளையும் குறைந்தது மும்மூன்று முறை வென்ற ஆண் அவர் ஒருவர்தான். 2019 விம்பிள்டன் இறுதியில் பெடரர் 218 புள்ளிகளும் அவர் 204 புள்ளிகளும் எடுத்திருக்க, மூன்று டை பிரேக்கையும் எடுத்து, இரண்டு பட்டப் புள்ளிகளைத் தப்பித்து, அவரே கோப்பையை வாங்கினார். அவருக்கு வேற்று மண் என்று ஒன்று இருப்பதாகவே எனக்குத் தெரியவில்லை. களிமண்ணில் சறுக்குவது போலக் கடினத் தரையிலும் சறுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுப்பார். என் அளவுகோல் அவருக்குப் பொருந்தவில்லை என்றால் அது அளவுகோலின் குறை என்று நீங்கள் வாதாடலாம், நான் மறுக்க மாட்டேன். பெடரரைப் பொறுத்தவரை, பாரிஸில் 2006 முதல் மூன்று இறுதிகளில் நடாலிடம் அடிவாங்கி, 2009-இல் சோடர்லிங்கை வென்று அந்தப் பட்டத்தை எடுத்தாரே, அந்தப் பொறுமைக்கு அவருடைய எட்டு விம்பிள்டன் பட்டங்களைவிட அதிக மதிப்பு கொடுக்கிறேன்.

நம்மவர்களையும் இதே தட்டில் வைத்துப் பார்க்கலாம். 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி ஆடிய ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றி எங்கள் கிளப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, 1993-இல் பிரான்ஸின் பிரெஜூஸ் நகரில், அவர்களே விரித்து வைத்த களிமண்ணில், அவர் மகன் ரமேஷும் லியாண்டர் பயஸும் நாடுகளுக்கிடையேயான டேவிஸ் கோப்பையில் பிரான்ஸை வீழ்த்தியது.

இப்போது ஆடுபவர்களில் 2025-ஆம் ஆண்டு எனக்குப் பெரிய விருந்து. ஜூன் 8 அன்று பாரிஸில், மூன்று பட்டப் புள்ளிகள் கையில் இருந்தும் யானிக் சின்னர் கார்லோஸ் அல்கராஸிடம் 5 மணி 29 நிமிட ஆட்டத்தில் தோற்றார். ஐந்தே வாரத்தில் விம்பிள்டன் இறுதியில் அவரையே நான்கு செட்டில் வென்றார். நான்காவது சுற்றில் இரண்டு செட் முன்னிலையில் இருந்த டிமிட்ரோவ் காயத்தால் விலகியிராவிட்டால் இந்தக் கதையே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாரிஸில் நான்கு பட்டம் வென்றும் விம்பிள்டனில் காலிறுதியைத் தாண்டாதிருந்த இகா ஸ்வியாடெக், அதே ஆண்டு விம்பிள்டன் இறுதியை 6-0, 6-0 என்று முடித்தார். ஆட்டமாகப் பார்த்தால் அந்த இறுதி சப்பென்று இருந்தது, எதிரே நின்ற அனிசிமோவாவைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் களிமண்ணில் வளர்ந்த ஒருவர் புல்லைக் கற்றுக்கொண்ட விதத்துக்காக அதைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

2008 இறுதியை முழுவதும் பார்க்க நேரமில்லாதவர்கள் நான்காவது செட்டின் டை பிரேக்கை மட்டுமாவது பாருங்கள். அதற்கு முன், அதே ஆண்டு ஜூனில் பாரிஸ் இறுதியில் நடால் 6-1, 6-3, 6-0 என்று பெடரரை வென்ற ஆட்டத்தின் ஏதாவது ஒரு கேமை ஓடவிட்டு, சர்வை எதிர்கொள்ள நடால் கோட்டுக்கு எவ்வளவு பின்னால் நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு லண்டனில் அவர் நிற்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே இருந்தது நான்கு வாரம்.