பிரசவ வார்டில் நிறத்துக்கு என்ன வேலை?

அமெரிக்கக் கறுப்பினத் தாய்மாரின் மரணம் பற்றி ஆய்வு செய்ய விரும்புபவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கே: வித்தியாசம் அவ்வளவு பெரிசா மேடம்?

ப: 2023இல் ஒரு லட்சம் பிரசவத்துக்குக் கறுப்பினத் தாய்மார் 50.3 பேர் இறந்தார்கள். வெள்ளையரில் 14.5.

கே: வறுமைதானே காரணம்?

ப: பாதி பேர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். கறுப்பின டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்குப் பணமா குறைவு, பேரா குறைவு? 2017இல் சிசேரியன் முடிந்த மறுநாள் மூச்சுத் திணறல். ஏற்கெனவே நுரையீரலில் ரத்தக்கட்டி வந்து பிழைத்தவர் என்பதால் அவருக்கே புரிந்துவிட்டது. சி.டி. ஸ்கேன் எடுங்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்தைப் போடுங்கள் என்றார். வலி மருந்தில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தார் நர்ஸ். முதலில் காலுக்கு அல்ட்ராசவுண்ட்தான் எடுத்தார்கள். பிறகு ஸ்கேன் எடுத்தால், நுரையீரலில் கட்டிகள்! அவர் சொன்னதை ஏன் உடனே நம்பவில்லை என்பதுதான் நீங்கள் ஆராய வேண்டிய கேள்வி.

கே: மரபணுக் காரணம் இருக்காதா?

ப: இனத்தை ரத்தத்தில் தேடாதீர்கள், படிவத்தில் தேடுங்கள். சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் ஆகுமா என்று கணிக்க டாக்டர்கள் ஒரு கணக்கியைப் பயன்படுத்தினார்கள். வயது, எடை, பழைய பிரசவம் எல்லாம் ஒன்றாகவே இருந்தாலும், கறுப்பினம் அல்லது ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளி) என்று டிக் அடித்தால் போதும், வாய்ப்பு குறைந்துவிடும். அதைக் காட்டி "எதற்கு ரிஸ்க்?" என்றால் மறுபடி கத்திதான். 2021இல் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள்.

கே: இறப்புக் கணக்கிலேயே பிழை என்கிறார்களே?

ப: உண்மைதான். இறப்புச் சான்றிதழில் 'கர்ப்பமாக இருந்தாரா' என்ற கட்டம் 2003இல் வந்தது. எல்லா மாநிலமும் சேர்த்து முடிக்க 2017 ஆயிற்று. எழுபது வயதுப் பாட்டிக்கெல்லாம் அதில் டிக் விழுந்திருக்கிறது! அதனால் 2003க்கு முன்பின் ஆண்டுகளை அப்படியே ஒப்பிட்டு "ஏறிவிட்டது" என்று எழுதாதீர்கள். கணக்கைத் திருத்திப் பார்த்தவர்களுக்கும் கறுப்பு–வெள்ளை இடைவெளி மறையவில்லை.

கே: அக்கா, நான் லண்டனில் இருக்கிறேன். எங்கட ஆக்களைப் பற்றித் தரவு இருக்கா?

ப: 2019–21 கணக்கில் பிரிட்டனின் ஆசியத் தாய்மார் இறப்பு வெள்ளையரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் ஈழத்தமிழர் பெரும்பாலும் 'மற்ற ஆசியர்' கட்டத்துக்குள் கரைந்துவிடுவார்கள். நீங்கள் நேர்காணல் எடுத்தால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள் தங்கச்சி: டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னது யார்? மொழிபெயர்ப்பாளரா, புருஷனா, பள்ளிக்கூடம் போகிற மூத்த பிள்ளையா?