நடிகையே போட்ட படம்தானே, நான் பகிர்ந்தால் என்ன?

கேள்வி: தண்டையார்பேட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ராத்திரியில் ஒரு சினிமா பக்கம் நடத்துகிறேன். விமர்சனம் எழுதினால் நூறு பேர்கூடப் பார்ப்பதில்லை. நடிகையின் கவர்ச்சிப் படம் போட்டால் பிய்த்துக்கொண்டு போகிறது. போன வாரம் ப்ளஸ் டூ படிக்கும் தங்கை, "அண்ணா, இது உன் பக்கமா?" என்று கேட்டுவிட்டாள். நடிகைகளே போடுவதைத்தான் நான் பகிர்கிறேன். இதில் என் பொறுப்பு என்ன? கேஸ் கீஸ் வருமா?

பதில்: கேஸை முதலில் முடித்துவிடலாம், தம்பி. கவர்ச்சி எல்லாமே சட்டப்படி ஆபாசம் ஆகாது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் தன் வருங்கால மனைவியோடு நிர்வாணமாக நின்ற படத்தை இங்குள்ள பத்திரிகைகள் வெளியிட்டன. அது ஆபாசமில்லை என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிறவெறிக்கு எதிராக எடுத்த படம் அது. எந்தச் சூழலில், எதற்காக வந்தது என்று நீதிமன்றம் பார்த்தது. ஆனால் ஆபாசம் என்று முடிவானால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

"பகிரத்தான் செய்தேன்" என்பதையும் ரொம்ப நம்பாதீர்கள். பெண் பத்திரிகையாளர்களை இழிவாகப் பேசிய பதிவை 2018-ல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்த எஸ்.வி.சேகர் அதைத்தான் சொல்லிப் பார்த்தார். உங்கள் கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில், பாரிமுனையில் இருக்கிற உயர் நீதிமன்றம் 2023-ல் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. பகிர்ந்த செய்தி வில்லைவிட்டுப் போன அம்பு மாதிரி என்றது.

சரி, தங்கைக்கு வருவோம். நடிகையே போட்டது என்பது பாதி உண்மை. அவர் போட்டது ஒரு புடவை விளம்பரம் என்று வையுங்கள், முப்பது விநாடி. நீங்கள் அதில் முந்தானை விலகும் ஒரு நொடியில் நிறுத்தி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, முகத்தை வெட்டிவிட்டு இடுப்பை மட்டும் வைத்து, சிவப்பு வட்டம் போட்டு, "அய்யய்யோ, இப்படியா?" என்று எழுதுகிறீர்கள். அந்தப் படம் அவருடையது இல்லை. நீங்கள் தயாரித்தது. பத்து வருஷம் பத்திரிகையின் சினிமா பக்கத்தில் வேலை பார்த்தவன் நான். ஸ்டில்லைக் கத்தரிக்கிற இடத்தில்தான் எங்கள் புத்தி தெரியும். நானும் கத்தரித்திருக்கிறேன், பெருமையாக இல்லை.

இந்த வியாபாரம் செல்போனோடு பிறந்ததும் இல்லை. 1940-களில் 'சினிமா தூது', அப்புறம் 'இந்து நேசன்' என்று நட்சத்திரங்களின் அந்தரங்க வம்பை எழுதியே பத்திரிகை நடத்தியவர் லட்சுமிகாந்தன். 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்திக்குத்துப்பட்டு, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்த வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் சிறைக்குப் போய், 1947-ல் விடுதலையானார்கள். கொலைக்கு நியாயமே கிடையாது. ஆனால் "ஜனங்கள் கேட்கிறார்கள், கொடுக்கிறேன்" என்கிற சாக்குக்கு எண்பது வயது தாண்டிவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது ஆபத்து வேறு மாதிரி. 2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனா லிஃப்டில் ஏறுவது போல ஒரு வீடியோ வந்ததே, அது இன்னொரு பெண்ணின் உடம்பில் ஒட்டிய முகம். கைதானவர் குண்டூர்ப் பக்கத்து இளைஞர். ராஷ்மிகாவுக்கு ரசிகர் பக்கம் நடத்தியவர். பின்தொடர்கிறவர்களைக் கூட்டத்தான் செய்தார் என்று போலீஸ் சொன்னது. உங்கள் பக்கத்துக்கும் அதே பசிதான். ஆகவே, நடிகையின் சொந்தக் கணக்கிலோ படக்குழு கொடுத்த ஸ்டில்லிலோ இல்லாத எதையும் தொடாதீர்கள்.

கமெண்ட் பகுதியும் உங்கள் திண்ணைதான். அங்கே உட்கார்ந்து எவனோ நாறப் பேசினால், இடம் கொடுத்தது நீங்கள். பக்கத்தின் செட்டிங்ஸில் சொற்களைத் தடுக்கும் வசதி இருக்கிறது. கெட்ட வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் மட்டும் போட்டால் போதாது. நம் ஆட்கள் இங்கிலீஷ் எழுத்தில்தான் அதிகம் திட்டுவார்கள், அந்த ஸ்பெல்லிங்குகளையும் சேருங்கள். உட்கார்ந்து யோசித்தால் அரை மணி நேரத்தில் பட்டியல் தயார்.

பழைய பதிவுகளில் நிறுத்தி எடுத்த படங்களை இன்று ராத்திரியே அழித்துவிடுங்கள். முழு ஸ்டில்லாக, பெயரும் படத்தின் பெயரும் போட்டு வெளியிட்டவை இருக்கட்டும். பார்க்கிறவர்கள் எண்ணிக்கை குறையும், நிச்சயமாக. குறைந்த பிறகு மிச்சம் இருக்கிற அந்த நூறு பேரில் உங்கள் தங்கையும் இருக்கலாம். அவளிடம் அடுத்த விமர்சனத்தைப் படித்துக் காட்டிவிட்டுப் போடுங்கள்.