சிகரெட்டை நிறுத்துற ஆப்புக்கு காசு கட்டலாமா?

கே: வீட்டுக்காரர் சிகரெட்டை விடணும்னு ஒரு ஆப்புக்கு ஒரு வருஷப் பணத்தை மொத்தமா கட்டிட்டேன். மொதல் வாரம் பாத்தாரு, அப்புறம் தொடவே இல்ல. அவருக்கு மனசில்லையா, ஆப் சரியில்லையா?
- காசிமேடு வாசகி

ப: அவரைத் திட்டாதீங்கம்மா. இந்த ஆப்பெல்லாம் நெறைய பேர் சில வாரத்துலயே விட்டுடுறாங்க, எனக்குக் கோவமே அதைச் செஞ்சவங்க மேல தான். விடியக்காலையில மீன் ஏலம் முடிஞ்சு டீக்கடையில நிக்கும்போது தான் அவருக்கு தம் கேக்கும், ஆப் என்னடான்னா ராத்திரி 9 மணிக்கு மனசு எப்படி இருக்குன்னு இங்கிலீஷ்ல கேக்கும். அந்தத் தவிப்பு சில நிமிஷத்துல அடங்கிடும், அந்த நேரத்துக்கு உதவாத ஆப்பை எவர் திறப்பாரு? தப்பித்தவறி ஒண்ணு பத்த வெச்சுட்டா அதுவரைக்கும் சேத்த நாள் கணக்கு பூஜ்யமாயிடுது, அதைப் பாக்க மனசு வராம அன்னையோட திறக்கிறதே நின்னுடும். அவர் பத்த வைக்கிற நேரத்துக்கு ஞாபகப்படுத்துறது, எவ்ளோ ரூபா மிச்சம்னு காட்டுறது, சறுக்கினாலும் பழைய கணக்கை அழிக்காம வைக்கிறது, தமிழ்ல பேச ஒரு ஆள், இதெல்லாம் இருந்தா இன்னும் கொஞ்ச நாள் தொடருவாங்க. தம்மை நிஜமாவே விட்டுட்டு, இனி எதுக்குன்னு ஆப்பை மூடினவங்களும் உண்டு, அதனால மொதல்ல அவர்ட்ட பொறுமையா கேளுங்க. சிகரெட் பாக்கெட்லயே அச்சடிச்சிருக்கிற 1800-11-2356 இலவசம், தமிழ்லயும் பேசலாம்.

கே: ஆப்பை டெலீட் பண்ணிட்டேன், ஆனா மாசாமாசம் பணம் போகுது.
- தண்டையார்பேட்டை வாசகர்

ப: டெலீட் பண்ணா சந்தா நிக்காதுங்க. பிளே ஸ்டோர்ல சப்ஸ்கிரிப்ஷன்ஸ்குள்ள போய் கேன்சல் பண்ணுங்க, யுபிஐ ஆட்டோபேன்னா பணம் அனுப்புற ஆப்லயே நிறுத்துங்க. நான் வாங்கின ஒரு உடற்பயிற்சி ஆப்பும் இதே மாதிரி தான், கேன்சல் எங்க இருக்குன்னு தேடுறதுக்குள்ள இன்னொரு மாசக் காசும் போயிடுச்சு. சேர ஒரு தட்டு, வெளிய வர ஊரைச் சுத்தணும்னு வைக்கிறதை 2023-லயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை பண்ணியிருக்கு. பணம் போன மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்க, உங்க காசு உங்களுக்கு வரணும்.

கே: ஃபைவ் ஸ்டார் ரிவ்யூ பாத்து ஒரு ஆப்ல வருஷ பிளான் போடப் போறேன், ஓகேவா?
- பெரம்பூர் வாசகர்

ப: ட்ரையல் கூட பாக்காம வருஷத்துக்கு ஏன் கட்டணும்? ஸ்டார் போட்டவங்கள்ல சில பேர் மொதல் நாளே போட்டிருப்பாங்க. ஃப்ரீயா இருக்கிறதை ரெண்டு வாரம் பாருங்க, நீங்களா திறக்கிறீங்களான்னு பாத்துட்டு அப்புறம் எழுதுங்க.

கே: சிகரெட்டுக்கு பதிலா வேப் (மின் சிகரெட்) வாங்கலாமா? ஒரு கடையில குடுக்கிறாங்க.
- திருவொற்றியூர் வாசகர்

ப: கூடாது. 2019-லயே விக்கிறது சட்டப்படி தடை, பில்லும் தர மாட்டாங்க.