காக்காவுக்காக அடகு வைத்த நகை

கேள்வி: வாப்பா மௌத்தாகி (இறந்து) இரண்டு வருடம் தாண்டிவிட்டது. உம்மா, காக்கா (அண்ணன்), துபாயில் தம்பி, நான், தங்கை என்று ஐந்து பேர். வாப்பாவின் வங்கி டெபாசிட் 32 லட்சத்துக்குக் காக்காதான் நாமினி. அதை எடுத்து வாப்பாவின் கடன் 8 லட்சத்தை அடைத்தார், மீதியைத் தன் கடையில் போட்டார். அப்புறம் கடை தள்ளாடுகிறது என்றார், என் நகையை அடகு வைத்து 3 லட்சம் கொடுத்தேன். 26 மாதமாக மாதம் 3,000 வட்டி நான்தான் கட்டுகிறேன். வட்டி கட்டுவதே மனதை உறுத்துகிறது. இப்போது இன்னும் 2 லட்சம் கேட்கிறார். ‘கல்யாணத்தில் வீடு கொடுத்தாச்சு, தோப்பு ஆண்களுக்குத்தான்’ என்று, என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமும் நீட்டுகிறார். நகைக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றலாமா? உம்மாவை ஆன்லைனில் உயில் எழுத வைக்கலாமா என்றும் தம்பி கேட்கிறான்.
– வாசகி, கீழக்கரை

பதில்: மாற்றலாம் சகோதரி, மாதம் சில நூறு மிச்சமாகும். ஆனால் உங்கள் பிரச்சினை வட்டி விகிதம் இல்லை. காக்கா கேட்கும்போதெல்லாம் இல்லை என்று சொல்ல முடியாமல் கொடுப்பதுதான். அதுவும் யார் பணத்தை?

ஷரீஅத் பங்கின்படி தோராயமாகக் கணக்குப் போடுவோம். 32-இல் கடன் 8 போக 24 லட்சம். வாப்பாவின் பெற்றோர் உயிரோடு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். உம்மாவுக்கு எட்டில் ஒன்று, 3 லட்சம். மீதி 21 லட்சத்தை ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று ஆறு கூறாக்கினால் கூறு 3.5 லட்சம். காக்காவுக்கு 7, தம்பிக்கு 7, உங்களுக்கும் தங்கைக்கும் மூன்றரை மூன்றரை. ஆக, கடையில் கிடப்பதில் 17 லட்சம் காக்காவுடையது அல்ல. உங்கள் மூன்றரை லட்சத்தை வைத்திருப்பவருக்கு நீங்கள் கடன் வாங்கிக் கொடுத்து, 78,000 ரூபாய் வட்டியும் கட்டியிருக்கிறீர்கள். எல்லாம் சேர்த்தால் அவர் உங்களுக்குத் தர வேண்டியது 7.28 லட்சம். அவருடைய முழுப் பங்கையும் தாண்டிவிட்டது!

இந்தக் கணக்கில் உம்மாவின் மஹரை (கணவர் மனைவிக்குத் தர வேண்டிய மணக்கொடை) சேர்க்கவில்லை. பாக்கி இருந்தால் அதுவும் வாப்பாவின் கடன்தான், பங்கு பிரிப்பதற்கு முன்பே கழிய வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. உம்மாவிடம் கேளுங்கள்.

நாமினி விஷயத்தில் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்குபவர், அவ்வளவுதான். வாரிசுகளின் பங்கு அப்படியே இருக்கும். 2010-இல் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் யார் யார் வாரிசு என்று மட்டும்தான் சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது.

கல்யாணத்தில் கொடுத்த வீடு உங்கள் ஊர் வழக்கம். வாப்பா உயிரோடு இருந்தபோதே கொடுத்து, நீங்களும் குடியேறிவிட்டீர்கள் என்றால் அது ஹிபா, அதாவது அன்பளிப்பு. அதைக் காட்டி வாரிசுப் பங்கில் கழிக்க முடியாது. தோப்புக் கதையும் பழையது. 1937 ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்தது உண்மை, ஆனால் சென்னை மாகாணத்தில் 1949 திருத்தம் அதையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. தோப்பிலும் உங்களுக்கு 48-இல் 7 பங்கு.

உம்மாவை ஆன்லைனில் உயில் எழுத வைக்கலாமா என்று தம்பி கேட்டதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். விளம்பரத்தில் வரும் ‘எல்லாருக்கும் ஒரே உயில்’ தொகுப்புக்குக் காசைக் கொட்ட வேண்டாம். வஸிய்யத் (உயில்) சொத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலும், ஒரு வாரிசுக்கே எழுதினாலும், மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் செல்லாது. பத்து நிமிடத்தில் படிவம் நிரப்பித் தரும் நிறுவனம் இதை எங்கே சொல்லப்போகிறது?

சரி, இப்போது செய்ய வேண்டியது. அந்த 2 லட்சம் கிடையாது. பத்திரத்தில் கையெழுத்தும் கிடையாது. பதிவாகிவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. தம்பியை வீடியோ அழைப்பில் வைத்துக்கொண்டு, ஊர் ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவர் முன்னிலையில் மேலே உள்ள கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். கடையிலிருந்து மொத்தமாக எடுக்க முடியாது என்பார், நியாயம்தான். முதல் தவணையாக 3 லட்சம் வரட்டும், அது நேராக நகையை மீட்கப் போகட்டும். மிச்சத்துக்கு மாதத் தவணை எழுதி வாங்குங்கள், இல்லையென்றால் தோப்பில் அவர் பங்கிலிருந்து ஈடுகட்டச் சொல்லுங்கள். தோப்பைப் பிரிக்கும்போது பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். காக்கா கோபப்படுவார். இரண்டு மாதம் பேசாமலும் இருக்கலாம். அந்த இரண்டு மாதத்தில் உங்களுக்கு வட்டிச் செலவு 6,000. இதுவரை கட்டிய 78,000-த்தோடு அதையும் கணக்கில் எழுதி வையுங்கள்.