மேடை அக்கரையில்: வாசகர் கேள்வி – பதில்

இந்த வாரக் கேள்விகள் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள குளுவாங்கிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ரெங்கம், லாயாங்-லாயாங், பாலோ தோட்டப்புறங்களிலிருந்தும் வந்தவை. எல்லாமே மனத்துக்குப் பிடித்த பாடகரைச் சிங்கப்பூரில் நேரில் பார்க்கப் போவது பற்றியவை. வீட்டுப் பெரியவர்கள் சிலர் இதை வீண் செலவு என்பார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. வருடக்கணக்கில் காதில் ஒலித்த குரலை ஓர் இரவு நேரில் கேட்பது ஆசைப்படத் தகுந்ததுதான். ஆனால் டிக்கெட்டுக்கு அலைகிற அலைச்சலில் பாதிகூட, ராத்திரி எப்படி வீடு திரும்புவது என்ற யோசனைக்குப் போவதில்லை. பல பேருடைய இரவு கெடுவது அங்கேதான்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. என் அபிமானப் பாடகி இந்தப் பக்கம் வந்தால் சிங்கப்பூரோடு திரும்பிவிடுகிறார். டிக்கெட் விற்கும் நாளில் முறை வந்தும், பணம் கட்டும் கட்டத்தில் கார்டு ஏற்கப்படவில்லை என்று தோழிகள் புலம்புகிறார்கள். முன்னேற்பாடு என்ன? – வாசகி, ரெங்கம்

பதில்: உங்கள் ஏக்கம் புரிகிறது. டெய்லர் சுவிஃப்ட் 2024 மார்ச்சில் சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கில் 6 இரவுகள் பாடினார். தென்கிழக்காசியாவில் வேறு எங்கும் பாடவில்லை. கோல்ட்பிளே குழு கோலாலம்பூரின் புக்கிட் ஜாலிலில் 2023 நவம்பர் 22 அன்று ஓர் இரவு மட்டும் பாடியது. இரண்டு மாதம் கழித்துச் சிங்கப்பூரில் 6 இரவுகள்.

கார்டு விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டு வங்கிகள் வழங்கும் கார்டுகளில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை பொதுவாக மூடியே இருக்கும். நாம்தான் வங்கிச் செயலியில் போய் அதைத் திறக்க வேண்டும். தோழிகளின் கார்டு மறுக்கப்பட்டதற்கு இதுவே முதல் காரணமாக இருக்கும். இரண்டாவது, ஒரு நாளைக்கான செலவு வரம்பு. சுவிஃப்ட் நிகழ்ச்சியின் சாதாரண இருக்கைகள் 108 முதல் 348 சிங்கப்பூர் வெள்ளி வரை விற்றன. ஒரு வெள்ளிக்கு 3.3 ரிங்கிட் என்று போட்டால் மேல்விலை டிக்கெட் ஒன்றே 1,150 ரிங்கிட்டைத் தொடுகிறது. இரண்டு டிக்கெட், முன்பதிவுக் கட்டணம், நாணய மாற்றுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் 1,000 ரிங்கிட் வரம்பு வைத்த கார்டு என்ன செய்யும்? வரம்பை விற்பனைக்கு முந்தைய நாளே உயர்த்திவிடுங்கள். சில வங்கிகளில் மாற்றம் உடனே நடப்புக்கு வராது.

மூன்றாவது காரணம் பலருக்குப் பிடிபடுவதில்லை. கைப்பேசியிலேயே டிக்கெட் வாங்குகிறீர்கள். வங்கி ஒப்புதல் கேட்கிறது. வங்கிச் செயலிக்குத் தாவி ஒப்புதல் தந்துவிட்டுத் திரும்புவதற்குள் டிக்கெட் பக்கம் புதிதாக ஏறிவிடுகிறது. கையில் இருந்த இருக்கை போய்விடும். அதனால் மடிக்கணினியில் வாங்கி, கைப்பேசியில் ஒப்புதல் கொடுங்கள்.

விற்பனைத் தளத்தில் கணக்கை முன்கூட்டியே திறந்து, கடப்பிதழில் உள்ளபடி பெயரைப் பதியுங்கள். முன்விற்பனைக்குப் பதிவு கேட்டால் உடனே பதிவு செய்யுங்கள். பெரிய விற்பனைகளில் இணையக் காத்திருப்பு அறையில் இருப்பவர்களுக்கு விற்பனை தொடங்கும் நொடியில் குலுக்கல் முறையில் வரிசை எண் கொடுப்பதே வழக்கம். ஆகவே விடியற்காலையிலிருந்து கண்விழிப்பதில் பயன் இல்லை. அரை மணி நேரம் முன்னால் நுழைந்தால் போதும். எண் வந்த பிறகு பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள். ஒரே கணக்கை நாலைந்து சன்னல்களில் திறந்தால் தளம் உங்களைச் சந்தேகித்து வெளியே தள்ளிவிடலாம். தோட்டத்து வீட்டில் இணையம் ஆடிக்கொண்டிருந்தால் பட்டணத்தில் உறவினர் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். காப்பிக்கடை வைஃபையை நம்ப வேண்டாம்.

கேள்வி: மலிவான மேல்தட்டு இருக்கையில் உட்கார்ந்தால் திரையில் பாடகரின் வாய் முதலில் அசைந்து, பாட்டு பின்னால் கேட்கிறது என்கிறார்களே, உண்மையா? – வாசகர், குளுவாங்

பதில்: உண்மைதான், கருவிக் கோளாறு அல்ல. ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்கிறவருக்குக் குரல் வந்து சேர நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். திரையின் வெளிச்சமோ அப்போதே கண்ணுக்கு வந்துவிடுகிறது. இதைச் சரிக்கட்டத்தான் மைதானத்தின் நடுவிலும் பின்பக்கத்திலும் துணை ஒலிபெருக்கிகள் வைத்து, அவற்றின் ஒலியை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, மேடையிலிருந்து வரும் ஒலியோடு சேர்க்கிறார்கள். அதனால் குரல் தெளிவாகும்; உதட்டசைவுப் பொருத்தம் முழுதாக வராது. சிங்கப்பூர் அரங்கம் 55,000 பேர் கொள்ளும், மேலே குவிமாடக் கூரை வேறு. மேல் அடுக்கில் எதிரொலியும் கூடும்.

இருக்கை தேர்வதில் எங்கள் கருத்து இது. மேடைக்கு நேர் எதிரே கடைசியில் இருப்பதைவிட, பக்கவாட்டில் நடு அடுக்கில், மேடைக்கு அருகே இருப்பது மேல். முகம் தெரியும், ஒலியும் சீக்கிரம் வரும். ஆனால் வரைபடத்தில் ‘பார்வை மறைப்பு’ என்று குறித்த இடங்களை யோசித்து வாங்குங்கள். மேடைத் தூணோ ஒலிபெருக்கிக் கொத்தோ பாதித் திரையை மறைக்கும். விலை குறைந்திருப்பது அதனால்தான். உயரம் குறைந்தவர்கள் நிற்கும் பகுதிக்குப் பணம் கொட்ட வேண்டாம். முன்வரிசையில் இடம் பிடிக்கப் பகலிலிருந்து காத்திருக்காவிட்டால், முன்னால் நிற்பவரின் முதுகும் தூக்கிப் பிடித்த கைப்பேசிகளும்தான் தெரியும்.

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. தோழிகள் இருவரோடு சிங்கப்பூர் போகிறாள். நிகழ்ச்சி இரவு 11 மணிக்கு முடியுமாம். எப்படித் திரும்புவது நல்லது? – ஒரு தந்தை, லாயாங்-லாயாங்

பதில்: ஐயா, முடிவை முதலில் சொல்கிறோம்: அன்றிரவே ஊர் திரும்பத் திட்டமிடாதீர்கள். ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ ஓர் அறைக்கு டிக்கெட் பணத்தோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஏன் என்றால், 50,000 பேர் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். அரங்க வாசலில் இருக்கும் ஸ்டேடியம் நிலையத்தில் கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடுவார்கள். வட்டப் பாதை ரயிலில் ஏறினால் ஒன்பதாவது நிறுத்தம் பீஷான். அங்கே சிவப்புப் பாதைக்கு மாறி, எட்டாவது நிறுத்தம் உட்லண்ட்ஸ், பத்தாவது கிராஞ்சி. கூட்டம் தாங்காவிட்டால் காலாங் நிலையத்துக்கு நடந்துவிடலாம். அங்கிருந்து பச்சைப் பாதையில் மூன்றாவது நிறுத்தமான சிட்டி ஹாலில் இறங்கி, சிவப்புப் பாதையில் வடக்கே போக வேண்டும். ரயில்கள் நள்ளிரவை ஒட்டி ஓய்ந்துவிடும். பெரிய நிகழ்ச்சிகளுக்கு நேரத்தை நீட்டிப்பது உண்டு. முன்னரே அறிவித்திருந்தால் மட்டும் அதை நம்புங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து 950ஆம் எண், கிராஞ்சியிலிருந்து 170 அல்லது சிடபிள்யூ 1 பேருந்து. சோதனைச்சாவடியில் எல்லாரும் பையோடு இறங்கி, குடிநுழைவு முடித்து, கீழே வந்து அதே எண்ணுள்ள அடுத்த பேருந்தில் ஏற வேண்டும். வந்த பேருந்து காத்திருக்காது. காகிதச் சீட்டு வாங்கியிருந்தால் இரு கரையையும் இணைக்கும் பாலம் தாண்டும்வரை பத்திரம். 170, 950 பேருந்துகளில் ரயிலில் தட்டிய அதே கார்டையே தட்டுங்கள். மூவருக்கும் தனித்தனிக் கார்டு வேண்டும், ஒன்றை வைத்து மூன்று பேர் போக முடியாது. பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான், ஆனால் நெரிசல் நாளில் அதற்கே ஒரு மணி நேரம் போகும். ஜேபி (ஜொகூர் பாரு) பக்கம் குடிநுழைவு முடித்து வெளியே வர, எதுவும் தடங்காவிட்டாலும் பின்னிரவு ஒரு மணிக்கு மேல் ஆகிவிடும். அந்த நேரத்தில் பேருந்தையோ ரயிலையோ நம்பிப் புறப்பட முடியாது. நீங்களே காரில் போய் அழைத்துவரலாம் என்று நினைப்பீர்கள். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, பின்னிரவில் நெடுஞ்சாலையில் தூக்கத்தோடு ஓட்டுவதை நாங்கள் சொல்ல மாட்டோம்.

போகும் வழி சுலபம். குளுவாங்கில் ரயிலேறினால் ஜேபி சென்ட்ரலில் இறங்கலாம். குடிநுழைவுக் கட்டடத்துக்கு அங்கிருந்தே மேம்பாலம் உண்டு. தெப்ராவ் ஷட்டில் ரயில் 5 நிமிடத்தில் உட்லண்ட்ஸில் விடும். இங்கிருந்து 5 ரிங்கிட், அங்கிருந்து திரும்ப 5 சிங்கப்பூர் வெள்ளி. வார இறுதிச் சீட்டு வெகு முன்பே தீர்ந்துவிடும். திரும்புவதற்கு அதை வாங்காதீர்கள், நிகழ்ச்சி நீண்டால் சீட்டு வீண்.

எந்த நேரத்தில் பாலத்தைக் கடப்பது என்பதும் முக்கியம். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரிலும் சனி, ஞாயிறே வார விடுமுறை என்பதால் இரு கரைக்கும் ஒரே நாளில் கூட்டம். வெள்ளி மாலை சிங்கப்பூரிலிருந்து வரும் பக்கம் அடைபடும். ஞாயிறு மாலை போகும் பக்கம். ஞாயிறு இரவு நிகழ்ச்சி என்றால் காலையிலேயே அக்கரை சேர்ந்துவிடச் சொல்லுங்கள்.

தோட்டத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து வேன் பிடிப்பதும் நடக்கிறது. எல்லை தாண்டிப் பயணிகளை ஏற்றும் உரிமம் அந்த வண்டிக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமம் இல்லாத வண்டியைச் சிங்கப்பூர் அதிகாரிகள் பிடித்தால் வண்டியே பறிமுதலாகும். பிள்ளைகள் நடு ரோட்டில் நிற்பார்கள்.

கேள்வி: டெலிகிராமில் ஒருவர் அசல் விலைக்கே டிக்கெட் தருவதாகச் சொல்லிப் படமும் அனுப்பியிருக்கிறார். வாங்கலாமா? – வாசகி, பாலோ

பதில்: வேண்டாம். ஒரே படத்தை எத்தனை பேருக்கும் விற்கலாம். வாசலில் முதலில் வருடியவர் மட்டும் உள்ளே போவார். பல நிகழ்ச்சிகளில் குறியீடு செயலிக்குள் மாறிக்கொண்டே இருப்பதால் படம் பிடித்த டிக்கெட் செல்லவே செல்லாது. விற்பனைத் தளத்தின் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு அதிகாரபூர்வமாக மாற்றித் தந்தால் மட்டும் பேசுங்கள். ஏற்கனவே பணம் அனுப்பியிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 997-ஐ அழையுங்கள். அது தேசிய மோசடி உதவி மையம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தகவல் போனால்தான் முடக்க வழி உண்டு.

கேள்வி: பையில் என்னென்ன வைத்து அனுப்பலாம்? – ஓர் அம்மா, குளுவாங்

பதில்: கடப்பிதழுக்கு இன்னும் 6 மாதமாவது உயிர் இருக்க வேண்டும். எஸ்ஜி அரைவல் கார்டு என்னும் வருகைப் படிவத்தை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள், சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் இடைத்தரகர்தான்.

வேப் (மின்சிகரெட்) அறவே கூடாது. அங்கே வைத்திருப்பதே குற்றம். சூயிங்கமும் வேண்டாம். பிள்ளைக்குத் தெரியாமல் நண்பர் பையில் போட்டது என்ற சமாதானம் சாவடியில் எடுபடாது, அதனால் கிளம்புமுன் பையைக் கொட்டிப் பாருங்கள். அரங்குக்குள் பெரிய பை, செல்ஃபி குச்சி, லென்ஸ் கழற்றும் கேமரா, வெளிச்சாப்பாடு இவற்றை விட மாட்டார்கள். ஏ4 தாள் அளவுக்குள் ஒரு சிறு பை போதும். நாசி லெமாக் பொட்டலத்தைக் கட்டிக் கொடுங்கள், ஆனால் வாசலுக்கு முன்பே சாப்பிடச் சொல்லுங்கள். நிற்கும் பகுதிக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றில் போகவே கூடாது. அங்கே மயங்கி விழுவதற்குப் பசி, தாகம், வெக்கை மட்டும் காரணமில்லை. முட்டியை விறைப்பாக வைத்து மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குப் போவது குறையும். முட்டியை லேசாக மடக்கி, குதிகாலை அவ்வப்போது தூக்கி இறக்கினால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். கண் இருட்டினால் வெட்கப்படாமல் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் கையைத் தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டும்.

கேள்வி: கைப்பேசியில் எடுத்த வீடியோவில் பாடகரின் முகம் வெள்ளையாய் எரிகிறது, ஒலியோ கரகரவென்று இருக்கிறது. – வாசகர், குளுவாங்

பதில்: சுற்றிலும் இருட்டு என்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டுகிறது, விளக்கடியில் நிற்கிற முகம் வெளுத்துவிடுகிறது. திரையில் முகத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள், பிறகு வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். வீடியோ தரத்தை 1080பி, நொடிக்கு 30 சட்டகம் என்று வைத்தால் போதும். ஐபோனில் நிமிடத்துக்கு 60 எம்பிதான் ஆகும்; 4கே, 60 சட்டகம் வைத்தால் 400 எம்பி. கரகரப்பு வருவது அந்தச் சத்தத்தை ஒலிவாங்கி தாங்காததால். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரில் நின்றால் எந்த அமைப்பும் உதவாது. பிடித்த இரண்டு பாட்டில் அரை நிமிடம் எடுத்துவிட்டு, மீதியைக் கண்ணால் பாருங்கள். கூட்டத்தில் சிக்னல் தேடித் தேடி பேட்டரி கரையும். உள்ளே நுழைந்ததும் விமான முறையில் போட்டுவிடுங்கள், திரும்பும் வழிக்குப் பேட்டரி வேண்டும்.

கேள்வி: நிகழ்ச்சி முடிந்து காதில் ‘ஙொய்’ என்று இரைகிறது. ஆபத்தா? – வாசகி, லாயாங்-லாயாங்

பதில்: உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் களைத்ததன் அடையாளம் அது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் இசை அரங்குகளுக்குச் சராசரி 100 டெசிபலை உச்சவரம்பாகப் பரிந்துரைத்தது. ஒலிபெருக்கி அருகே அதைத் தாண்டுவதும் உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும். ஆனால் பலர் அதைக் காதின் வாசலில் ஒட்டி வைக்கிறார்கள், அது வேலை செய்யாது. விரல்களால் மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, அடைப்பானை உள்ளே செலுத்தி, அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். நுரை விரிந்து துளையை நிரப்பும். பாட்டு கேட்கும், கூர்மை மட்டும் குறையும். இப்போது இருக்கும் இரைச்சல் ஓரிரு நாளில் அடங்காவிட்டாலோ, ஒரு காது மந்தமாகத் தோன்றினாலோ தள்ளிப்போடாமல் காது மருத்துவரைப் பாருங்கள்.